எங்கள் வீட்டுக் குடிலில் ஒரு ஜாதிக்காய்

மைனியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், தெருவில் உள்ளவர்களுக்கும், மாதா கோவில் மக்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்கவே வராது. "நீங்கதான் எழுதணும் அத்தை. அம்மையைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லி, அண்ணன் மகள் நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டாள். அண்ணன் மனைவியை எழுத்தில் மதினி என்பதுதான் சரியாம். எங்கள் வாய்க்கு மைனிதான். அப்படியே எழுதுகிறேன்.

மைனி பிறந்தது நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாறில். ஐந்து பெண்களில் மூன்றாவது. அவருடைய அப்பா கோவிலில் வேதம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார். கிறிஸ்துமஸுக்கு, ஏசு பிறந்த மாட்டுத்தொழுவம் போலக் கோவில் குடிலைக் கட்டுவது அவர் பொறுப்பு. மைனி சின்ன வயதிலேயே அப்பாவின் கூட நின்று வைக்கோல் எடுத்துக் கொடுப்பாராம். எந்த ஆடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், ராஜாக்கள் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அப்பா சொல்லிக் கொடுத்தது. பத்தாம் வகுப்பு முடித்துத் தையல் படித்துவிட்டு, திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தார். பழவங்காடியில் ஒரு சேலைக்கடையில் வேலை, கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் தங்கல். பக்கத்துப் பாத்திரக் கடையில் எங்கள் அண்ணன் வேலை பார்த்தார். அவர்கள் எப்படிப் பழகினார்கள் என்பதை எழுதக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதவில்லை. ஒரே ஒரு குக்கர் வாங்க மைனி மூன்று முறை கடைக்கு வந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இந்துப் பையன், கிறிஸ்தவப் பெண் என்பதால் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வரவில்லை. வராதவர்களில் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அது மைனியின் குணத்தால் வந்தது.

நான் அதற்கு முன்பே புருஷனை இழந்து, கரமனையில் அண்ணனோடு இருந்தவள். மைனி என்னைவிட ஒரு வயது மூத்தவர். வருகிறவர் என்னை இந்த வீட்டில் இருக்க விடுவாரோ மாட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். வந்த முதல் நாளே அவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளே, இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க எடம் கெடைக்குமா?" என்று கேட்டார். கையில் அந்தோணியார் படம். நான் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினேன். "ரெண்டு பேரும் சண்டை போடாம இருப்பாவளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சுவரில் இரண்டு படமும் இன்றும் இருக்கின்றன.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் முதல் நட்சத்திரம் எங்கள் வீட்டு வாசலில்தான் ஏறும். மூங்கில் குச்சியைக் கட்டி, வர்ணக் காகிதம் வெட்டி, மைதா பசை காய்ச்சி, மைனியே செய்வார். பசை காய்ச்சுவது என் வேலை. டிசம்பர் பிறந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் மண் போட்டு நெல் விதைப்போம். குடிலுக்கு முன்னால் பச்சை வயல் மாதிரி வைப்பதற்காக. உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும். வாசலில் நட்சத்திரக் கோலம் என்னுடையது. முந்திரிக்கொத்துப் பலகாரமும் நான்தான் செய்வேன், கேக் மைனி செய்வார். அண்ணனின் வேலை, சீரியல் பல்பு மாட்டி மெயின் ஃபியூஸைப் போக வைப்பது.

குடில் கட்டும் நாளிலேயே எல்லா உருவத்தையும் வைத்துவிடுவார்கள். குழந்தை ஏசுவை மட்டும் வைக்க மாட்டார்கள். அது கிறிஸ்துமஸ் ராத்திரி கோவிலுக்குப் போய் வந்த பிறகுதான். அதுவரை அந்தச் சின்ன மரத் தொட்டில் வெறுமனே கிடக்கும். மைனியின் அப்பா சொல்லிக் கொடுத்த முறை அது. மைனி அதில் அணுவளவும் மாற மாட்டார்.

கல்யாணமாகி நாலு வருடத்தில் மைனிக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது. ஒன்று பிறந்து மூன்றாம் நாள் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மூன்றாவது முறை அவர் உண்டானபோது வயது முப்பத்தேழு. அந்த டிசம்பரில் அவருக்கு எட்டாம் மாதம். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஆட்டை இந்தப் பக்கம் திருப்பு பிள்ளே, அது சுவத்தைப் பாத்துட்டு நிக்கு" என்று சொல்லச் சொல்ல நான் குடிலை அடுக்கினேன்.

அடுக்கி முடித்து எழுந்து பார்த்தபோதுதான் என் கண்ணில் பட்டது அந்த வெறும் தொட்டில்.

எங்கள் பக்கத்தில் வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது, வீட்டில் கட்டியே போடக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். முந்தைய வருடங்களிலும் அது வெறுமனேதான் கிடந்தது. மைனி உண்டாகியிருந்த அந்த இரண்டு வருடமும் என்ன ஆயிற்று என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மைனியிடம் சொல்லவும் முடியாது. அப்படி ஒன்றை அவர் காதில் போடுவதே கெட்டது.

மறுநாள் காலை மைனி குளிக்கப் போன நேரத்தில், பஞ்சு வைத்த சோப்புப் பெட்டியிலிருந்து குழந்தை ஏசுவை எடுத்துத் தொட்டிலில் கிடத்தினேன். கட்டை விரல் அளவுதான் இருக்கும். மனம் லேசானது. சாயங்காலம் பார்த்தால் பிள்ளை பெட்டிக்குப் போய்விட்டது. மறுநாளும் வைத்தேன். அன்று மைனி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்ச பாருங்க, பிள்ளையை நீங்களா எடுத்துக் கெடத்தினது?"

"நான் எதுக்கு எடுக்கேன்? எனக்குக் கடையில ஆயிரம் சோலி கெடக்கு."

"பின்ன அதுவா நடந்து வந்து படுத்துச்சா?"

"கடவுள் பிள்ளைல்லா, நடந்தாலும் நடக்கும்."

நான் அடுக்களையில் தலையைக் குனிந்து மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளும் வைத்தேன். அன்று மைனி எடுக்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ராத்திரி முழுவதும் பிள்ளை தொட்டிலில் கிடந்தது. ஆனால் மறுநாள் எதிர் வீட்டு மலையாளத்துச் சேச்சி கோதுமை மாவு வாங்க வந்தார். குடிலைப் பார்த்தார்.

"இதெந்தா இது? டிசம்பர் பத்து கூட ஆயிட்டில்ல, அதுக்குள்ள உண்ணியேசு பிறந்நு போயோ?" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓ, இந்த சேச்சியாணு வைக்கிறது! இன்னலே ஜன்னல் வழி ஞான் கண்டல்லோ!" என்று, முந்தின நாள் ஜன்னல் வழியாகப் பார்த்ததைப் போட்டு உடைத்துவிட்டார்.

மைனி சேச்சிக்கு மாவை அளந்து கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிடிக்கலைன்னா மொகத்துக்கு நேரே சொல்லணும் பிள்ளே. என் சாமியை வச்சு வெளையாடாத."

மைனி பிள்ளையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தொட்டில் மறுபடியும் வெறுமை. போகும்போதும் வரும்போதும் என் கண் அதன் மேலேயே.

மூன்றாம் நாள் மைனியை அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். நான் அடுக்களை டப்பாவில் ஏதோ தேடியபோது, கேக்குக்காக மைனி வாங்கி வைத்திருந்த ஜாதிக்காய் கையில் தட்டுப்பட்டது. நீள உருண்டையாக, துணியில் சுற்றிய பிள்ளை போல. பிள்ளை பிறந்து முதன்முதலாகத் தொட்டிலில் இடும்போது, அதற்கு முன் குழவிக்கல்லை இட்டு ஆட்டுவது எங்கள் வழக்கம். இந்தக் குட்டித் தொட்டிலில் குழவிக்கல் அடங்காது; கொஞ்சமும் யோசிக்காமல் அந்த ஜாதிக்காயைக் கொண்டுபோய்த் தொட்டிலில் கிடத்தினேன்.

மைனி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார்.

"இது என்னது? மசாலாச் சாமானைக் கொண்டு போட்டிருக்க? உனக்கு என்ன கேடு பிள்ளே?"

என் வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் பேசினது அன்றுதான். "மைனி, எங்க பக்கம் பிள்ளையை இடுகதுக்கு முன்ன குழவிக்கல்லை இடுவாவ. வெறும் தொட்டிலு இருக்கப்பிடாது. வயித்துப் பிள்ளைக்காரி இருக்க வீட்டுல..." அழுகைதான் வந்தது.

மைனி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கையை நீட்டி ஜாதிக்காயை எடுத்தார். தையல் பெட்டியைக் கேட்டார். வெள்ளைத் துணியில் ஒரு துண்டு வெட்டி, அதைச் சுற்றி, முகம் தெரிகிற மாதிரி மடித்துத் திரும்ப வைத்தார்.

"குளுருமில்லா" என்றார்.

கிறிஸ்துமஸ் ராத்திரி கோவிலிலிருந்து வந்து ஜாதிக்காயை எடுத்துவிட்டு, முறைப்படி குழந்தை ஏசுவை வைத்தார். தை மாதம், இந்த நோட்டை என் மடியில் வைத்த எங்கள் செல்லம் பிறந்தாள். சுகமாகப் பிறந்தாள். அவளுக்கு நான் உரைமருந்து உரைத்தபோது மைனி அந்த ஜாதிக்காயையே எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் வரை தொட்டிலில் ஒரு ஜாதிக்காய்தான். செல்லமோ, எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்துவிட்டாள். முதல் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடக் குடிலைப் பார்த்து, "சிஸ்டர், ஜாதிக்கா எவிடே?" என்று கேட்டிருக்கிறாள். சிஸ்டர் மைனியைக் கூப்பிட்டு அனுப்பினார். மைனி போய் விவரம் சொன்னார். சிஸ்டர் நன்றாகச் சிரித்துவிட்டு, அப்படியே கேக் செய்முறையையும் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

கஷ்டமும் வந்தது. அண்ணன் வேலை பார்த்த கடை மூடிப் போனது. மைனி வீட்டில் இருந்தே ரவிக்கை தைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். அந்த வருடம் நட்சத்திரத்துக்குக் காகிதம் வாங்கவில்லை. ரவிக்கை லைனிங் துணியில் மிச்சமான சிவப்பைத் தைத்துச் செய்தார். பல்பு போட்டதும் தெரு முழுக்கச் சிவந்துவிட்டது. "இது நட்சத்திரமோ, டிராஃபிக் சிக்னலோ? ஓட்டோக்காரர்கள் நின்னு போகுமல்லோ!" என்றார் எதிர் வீட்டுச் சேச்சி. மைனி, "நிக்கட்டும். நிக்கவங்களுக்கு முந்திரிக்கொத்து கொடு" என்று என்னிடம் சொன்னார். அப்படிப்பட்ட மனுஷி. யார் வந்தாலும் கை நிறையத்தான் அனுப்புவார். தன் சாமியை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். என் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தால் முதலில் பார்ப்பதும் அவர்தான்.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. முனகலே கிடையாது. போன நவம்பரில் ஒரு மத்தியானம், நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளே, ஒரு காரியம் செல்லட்டா? அந்த வருஷம் பிள்ளையைக் கெடத்தினது நீதான்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"எப்படி மைனி?"

"ஏசு பிள்ளை தலையெல்லாம் மஞ்சள். இந்த வீட்டுல மஞ்சள் கையோட அலையது ஆரு?"

"பின்ன எதுக்கு அண்ணனை அந்தக் கேள்வி கேட்டிய?"

"உன்னைக் கேட்க மனசு வரல்ல."

"பின்ன எதுக்கு அப்புறம் அவ்வளவு கோவம்?"

"நீ வச்சதுக்கு இல்ல. எடுக்க வேண்டியது நானாச்சே. தொட்டிலில கெடக்க பிள்ளையை எங்கையால எடுக்கணும். ரெண்டு நாள் எடுத்தேன், போன பிள்ளைங்க நெனப்பு வந்துச்சு. மூணாவது நாள் முடியல்ல. பாத்தும் பாக்காத மாதிரி விட்டுட்டேன். அன்னிக்குத்தான் நான் ஒறங்கினேன். அப்பா சொல்லித் தந்ததை மீறிட்டேன்னு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொன்னேன்."

"ஃபாதர் என்ன சொன்னாவ?"

"தூங்கிட்டு இருந்தாருன்னு நெனைக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே பயத்தோடு இருந்திருக்கிறோம். நான் வைத்ததும் அவர் எடுக்க முடியாமல் விட்டதும் அதே பயத்தில்தான். பத்து நாள் கழித்து மைனி அமைதியாகப் போய்விட்டார்.

அவரைக் கண் போலப் பார்த்த மருத்துவர்களுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும், மைனி வசதியாக உட்கார்ந்தபின்தான் ஆட்டோவை எடுக்கும் கரமனை முக்கு தம்பிக்கும், நாற்பது நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமென்று கஞ்சி கொடுத்து அனுப்பிய எதிர் வீட்டுச் சேச்சிக்கும், செபம் சொன்ன மாதா கோவில் சகோதரிகளுக்கும், கோட்டாறிலிருந்து வந்த மைனியின் உடன்பிறந்தவர்களுக்கும், கல்லறைத் தோட்டம் வரை வந்து மண் இட்ட எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் இந்தக் குடும்பத்தின் நன்றி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் துக்கத்தால் ஒன்றும் அலங்கரிக்கவில்லை. இந்த வருடம் குடில் கட்டுகிறோம். எல்லாரும் வந்து பார்க்க வேண்டும். குழந்தை ஏசுவைக் குடில் கட்டும் நாளிலேயே தொட்டிலில் இட்டுவிடப் போகிறேன். மைனி நன்றாக உறங்கட்டும். "ஃபாதர் வந்து கேட்டா என்ன செய்வீங்க அத்தை?" என்று அண்ணன் மகள் கேட்டாள். நான்தான் வைத்தேன் என்று சொல்வேன். ஏன் வைத்தேன் என்றும் சொல்வேன்.