காப்பிப்பூ சோப்பும் நான் ஊற்றிய மூன்று மூடியும்

எங்கள் அக்கா மலைமேல் கொட்டச்சேட்டில், காப்பி எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைசிப் பிள்ளை நான். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே காப்பிப்பழம் பறித்தார் என்பார்கள். அந்தச் சுமை அவருக்குக் கடைசிவரை இறங்கவில்லை. நாகலூருக்கு வாழ்க்கைப்பட்டு, எட்டே வருடத்தில் மச்சானை இழந்து, எஸ்டேட் கூலியிலேயே ஒரே மகளை நர்சுக்குப் படிக்கவைத்தார். அக்கா யாரையும் கடிந்து பேசியதில்லை என்று இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கக்கூடும். என்னை ஒரு ஆளாக அவர்கள் நினைக்கவில்லை போலும்.

மகளிர் குழுப் பயிற்சியில் லிக்விட் சோப்பு செய்யக் கற்று வந்தார். பொட்டாஷ் காரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தேங்காயெண்ணெயில் ஊற்றி, களி பதத்துக்குக் காய்ச்சி, தண்ணீர் விட்டு இளக்கி, ஆறியதும் வாசம் சேர்ப்பது. எலுமிச்சைப்புல் சோப்பு, ஆரஞ்சுத்தோல் குளியல் சோப்பு இரண்டையும் ஊரே கேட்டு வாங்கியது. மனுஷி அதோடு நின்றிருக்கலாம். அவருக்குக் காப்பிப்பூ வாசம் வேண்டும்.

கோடை மழை விழுந்தால் காப்பி பூத்து மூன்று நாள் மலையே மணக்கிறதல்லவா, அதைச் சீசாவில் அடைக்க வேண்டுமாம். பூவை எண்ணெயில் ஊறவைப்பார். காரம் சேர்ந்ததும் வாசம் செத்து, நனைந்த சாக்கின் நாற்றம் மிஞ்சும். அதிலும், உதிர்ந்த பூவைத்தான் சேலை விரித்துப் பிடிப்பார்.

“உதுந்த பூவுல என்னங்கக்கா வாசம் இருக்கும்? நம்ம செடிதானுங்களே, பறிச்சுப் போடுங்க.”

“பூவைப் பறிச்சா பழம் எங்கிருந்து வரும்? புத்தி இருக்குதா சாமி உனக்கு?”

வீட்டுக்குப் பின்னால் இருந்தது மொத்தம் பத்துச் செடி. முப்பது வருடம் எஸ்டேட்டில் பழம் பறித்த கை. பூப்பக்கம் போகவே போகாது.

மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பையில் காப்பிப்பூ சோப்பு இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் சோப்பு ட்ரம்மைத் திறந்தால், அதே சாக்கு நாற்றம். அக்கா ட்ரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் சேலத்துக்கு இறங்கி, ஒரு கடையில் மல்லிகை சென்ட் வாங்கி வந்தேன். அவர் பத்திரிகை வைக்க வாழவந்திக்குப் பஸ் ஏறியதும் ட்ரம்மில் மூன்று மூடி ஊற்றிக் கலக்கினேன்.

திரும்பி வந்து மோந்தவர், “தம்பி, வந்துருச்சுடா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் கோழை.

அதன்பிறகு பதினோரு கோடை. அந்த வாசத்தை மறுபடி வரவழைக்க அக்கா படாதபாடு பட்டார். காரத்தைக் குறைத்தார், எண்ணெயை மாற்றினார், விரதம்கூட இருந்தார். கடைசியில், “என் கைராசி போயிருச்சு சாமி” என்று தன்னையே நொந்துகொள்ளத் தொடங்கினார். நான் எலுமிச்சைப்புல்லின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அக்கா மூச்சுத்திணறலோடு மகள் வீட்டில் படுத்திருந்தபோது ஒருவழியாக வாயைத் திறந்தேன்.

“அக்கா, உங்க கைராசிக்கு ஒண்ணுமில்லீங்க. கல்யாண சோப்புல நான்தான் கடைச் சென்ட்டை ஊத்துனேன்.”

“சாவப்போறவளுக்கு ஆறுதல் சொல்றியாக்கும்?”

“நெசமுங்கக்கா. மல்லிகை சென்ட்டு, மூணு மூடி.”

“மல்லிகைக்கும் காப்பிப்பூவுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு? நொம்பப் படிச்சுப் படிச்சு உனக்குத்தான் மூக்கு போயிருச்சு. போயி டீ குடி, போ.”

அதே சென்ட்டைத் தேடி வாங்கிப் போய் மூக்கருகே நீட்டினேன். “இது கடைச் சரக்கு. அது வேற” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினோரு வருடம் என் பொய்யை நம்பியவர், உண்மையை ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அக்காவைக் கடைசி நாட்களில் வந்திருந்து பார்த்துக்கொண்ட நாகலூர் மகளிர் குழுவினருக்கும், மழையில் தோள்கொடுத்துச் சுமந்த எஸ்டேட் தோழர்களுக்கும், இரவு பகல் பாராத அவர் மகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் சோப்பு வாங்கிப்போன உறவினர்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன். நீங்கள் மோந்தது மல்லிகை. அக்காவின் கையில் ஒரு குறையும் இல்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அக்கா மகளிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினாள்.

“ஏனுங்க மாமா, எங்கம்மா செஞ்சதைப் போயி உங்க பேருல எழுதிக்கறீங்களே, நல்லாவா இருக்குது?”