நல்ல இருட்டு

நோயோடு வெளியூர் கிளம்பும்போது இரும்பைக் கூடவே கொண்டுபோவது எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் வழக்கம். ஈரலில் கட்டியோ என்று சந்தேகப்பட்டு, யட்டியாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது, வீட்டுக்காரர் என் சேலை முந்தியில் ஒரு ஆணியை முடிந்துவிட்டார். ஆஸ்பத்திரி உடுப்புக்கு மாறிய பிறகும் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டே நின்றேன்.

மெஷின் பார்க்கும் முஸ்லிம் பெண் கண்டுவிட்டார்.

“இத கொண்டு உள்ளுக்குப் போக ஏலாது அக்கா. அது பெரிய காந்தம்.”

“இரும்பு இல்லாம பயமா இருக்குங்க.”

“காலையில ஒங்களுக்கு ஏத்தின மருந்தே இரும்புதான். கண்ணுக்குத் தெரியாத துகள். நல்ல ஈரல் அத இழுத்து வச்சிக்கும், படத்துல கறுப்பா விழும். கட்டி இருந்தா அந்த எடம் மட்டும் வெள்ளையா நிக்கும்.”

பால் விடாத பிளேன்டி நிறத்தில் இறங்கிய அந்த மருந்தை நினைத்துக்கொண்டே ஆணியைக் கொடுத்தேன்.

குழாய்க்குள் கண்மூடிக் கிடந்தேன். மெஷினின் தடதடப்பு தகரத்தில் விழும் மழையானது. விடியாத ரப்பர் மலையில் நான் நடக்கிறேன். இரும்புத் தூள் எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்க்கிறது. பால் வெட்டிப் பிழைக்கிறவள், நாளெல்லாம் வெள்ளையைத் தேடுகிறவள், அன்று எங்கேயும் வெள்ளை தெரியக்கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.

கிளினிக்கில் டாக்டர் படத்தைக் காட்டினார். ஈரல் முழுக்க இருட்டு. நல்ல இருட்டு.

மறுநாள் விடியலில் முதல் மரத்தைக் கீறினேன். வெள்ளையாகப் பால் கசிந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.