ஷூவிடம் பேசிவிட்டேன்

பல வருடங்களாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு பஸ். உட்கார இடம் கிடைத்தும் கடுகடுவென்றுதான் இருந்தேன்.

ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் காலைத்தான் பார்ப்போம்.

பக்கத்தில் ஒரு பழுப்பு நிற ஷூ வந்து நின்றது. முன்பக்க வளைவில்கூட ஒரு தையலும் விலகவில்லை. பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது.

"அருமையான தையல் சார், எங்க வாங்குனீங்க?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தேன்.

தயாளன்! எனக்கு வரவேண்டிய மேனேஜர் பதவியைத் தட்டிக்கொண்டு போனவன். செத்தாலும் இவனோடு பேசமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன்.

"இன்னாப்பா, மூஞ்சிய பாத்தா பேசமாட்ட, ஷூவ பாத்தா பேசுவியா?" என்றான்.

"நான் ஷூகிட்டதான் கேட்டேன்."

அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

பக்கத்து சீட் காலியானதும் உட்கார்ந்தான். ஆம்பூர் வரைக்கும் ஏறி இறங்கியவர்களின் கால்களைப் பார்த்து, "இது பாஸ்", "அய்ய, இது ரிஜெக்ட்டு" என்று இரண்டு பேரும் தீர்ப்பு சொல்லிக்கொண்டே வந்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் பஸ்ஸில் போனதே இல்லை.

பதவி விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது வேறு, தையல் வேறு.

உங்களுக்கும் இப்படி எதிரியோடு ஒரு பயணம் வாய்த்திருந்தால் சொல்லுங்கள்.

என் பெயரைப் போடாமல்தான் பதிவிடுகிறேன். அவன் பெயரையும் மாற்றிவிட்டேன். படித்தால் அவனுக்குப் புரியும், அது போதும். ஊருக்கு நாங்கள் இன்னும் எதிரிகள்தான்.