அம்மாவைக் குளிப்பாட்டிய நாட்கள்

எங்களைப் பெற்ற அம்மா கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. "தாய நல்லா வச்சிருந்தான் லா" என்று உறவினர்களாகிய உங்களில் பலர் என்னைப் பாராட்டுகிறீர்கள். கேட்கும்போதெல்லாம் கூனிக்குறுகிப் போகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே காலமானபின் கொழுந்து பறித்தே அக்காவையும் என்னையும் வளர்த்தார்கள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கவாதம் அவர்களைப் படுக்கையில் தள்ளியது. அக்கா கம்போங் ராஜாவில் பிள்ளைகுட்டிகளோடு இருந்தார். லயத்துப் பெண்கள் விடிந்தால் வேலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குத் தேயிலை ஆலையில் இரவு வேலை, கல்யாணமும் ஆகவில்லை. குளிப்பாட்ட நான்தான் இருந்தேன்.

வளர்ந்த மகன் தாயின் உடம்பைப் பார்ப்பதா? கூசிப் போனேன். ஜெபித்தும் வழி தெரியாமல் சபை உபதேசியாரிடம் கேட்டேன்.

"துணி வெலகிக் கெடந்த தகப்பன, மகனுங்க பாக்காமலே பின்னால நடந்து வந்து மூடுனாங்க தம்பி. வேதத்துல இருக்குல்ல?" என்றார்.

அதையே பிடித்துக்கொண்டேன். அம்மா மேல் கைலியைப் போர்த்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியால் கைக்கு எட்டிய இடங்களைத் துடைத்தேன். பெரிய மரியாதை செய்கிறேன் என்ற பெருமை வேறு.

கொஞ்ச நாளில் அறை நாறியது. தோட்டத்து மருந்தகத்திலிருந்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் வந்து அம்மாவைப் புரட்டினார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"தெனம் தொடைக்கிறேன்னு சொன்னியே, இதப் பாக்கலியா லா?"

அவர் போனதும், "வலிக்குதுன்னு சொல்லக்கூடாதாம்மா?" என்று அழுதேன்.

குழறிய நாக்கால் அம்மா சொன்னார்கள்: "நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டியேய்யா. ஒனக்கு நான் அருவருப்பா ஆயிட்டேன்னு நெனச்சேன். எப்படிச் சொல்லுவேன்?"

உபதேசியார் மேல் குற்றமில்லை. அவர் சொன்னது அம்மாவின் மானத்துக்காக. நான் காப்பாற்றியது என் கூச்சத்தை. அன்று முதல் அம்மாவைப் பார்த்தே குளிப்பாட்டினேன். மெல்லப் புண் ஆறியது. சில ஆண்டுகள் இருந்து, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

மழையிலும் மேடு ஏறி வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்ட டிரஸ்ஸருக்கும், விஷயம் தெரிந்ததும் ஓடி வந்து அம்மாவைப் புரட்டக் கைகொடுத்த உபதேசியாருக்கும், வேலைவிட்டு வந்த களைப்போடு கஞ்சி வைத்துத் தந்த லயத்து அக்காமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

"அருவருப்பு இல்லம்மா, வெக்கம்தான்" என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்கள். நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது.