பத்து மீட்டர்வரை பிடித்திருப்பவர்

"ஐயா, கொஞ்சம் தெக்கால நகருங்க. இன்னும் துளி. ஆங், போதும். என்ன சமத்து!"

ரெய்ண்டர் இப்படிக் கெஞ்சுவது மனிதர் யாரிடமும் அல்ல. கிரேனில் தொங்கியபடி கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் குழாயிடம். எழுபது மீட்டர் நீளம், ஆயிரத்து இருநூறு டன் எடை. வாய்க்குள் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தலாம். காற்றாலை நிற்கப்போவது இதன் தலைமேல்தான். எங்கள் கப்பலில் அவரிடம் மரியாதை வாங்கும் ஒரே ஆள் இந்தக் குழாய். கேப்டனுக்கே "நீ"தான்.

கப்பலின் விளிம்பில், கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது ரெய்ண்டர் இயக்கும் கவ்வி. இரண்டு பாதி வளையங்கள். உட்புறம் முழுக்க ஆள் உயர உருளைகள். குழாய் உள்ளே வந்ததும் வளையம் மூடிக்கொள்ளும். உருளைகள் நாலாபுறமும் தள்ளி அதை நிமிர்த்திப் பிடித்திருக்கும். மேலே சுத்தியல் அடிக்க அடிக்க, குழாய் வழுக்கிக்கொண்டு கடலடி மண்ணுக்குள் இறங்கும். கால் டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. கால் டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும்.

ரெய்ண்டருக்கு வயது ஐம்பத்தேழு. நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்தில் "ஆமாம்" என்பதையே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள், கொடுத்த சம்மதத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொள்வது போல. சாப்பாட்டு அறையில் நாங்கள் அதைச் செய்து காட்டினால், பட்டாணி சூப்பிலிருந்து தலையைத் தூக்காமலே திருத்துவார். "இழுவை பத்தலை. மூச்சுத் திணறுற மாதிரி இருக்கு. எங்க, இன்னொரு தடவை." சட்டைப்பையில் எப்போதும் உப்பு போட்ட அதிமதுர மிட்டாய். யாருக்கும் தரமாட்டார். "உனக்கு எதுக்குடா? உன் நாக்கு இன்னும் உசுரோட இருக்கே."

ரேடியோவில் அவரிடம் பேசுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். சாய்வை அளந்து சொல்கிற யெட்ஸ்கே நொந்துபோவாள்.

"யாரு பேசுறது? பேரைச் சொல்லு. மணியையும் சொல்லு."

"ரெய்ண்டர், நான் சாய்வு எவ்வளவுன்னுதான் சொன்னேன். கல்யாணம் பண்ணிக்கச் சொல்லலை."

"அதையும் பேரு, மணியோட சொல்லு. பதிவாகட்டும்."

ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும். கவ்வியை இயக்கும் அறைக்குள் நின்று காதோரம் பேசுவது பதிவாகாது. இந்த வித்தியாசத்தை அவர் போன இலையுதிர்காலத்தில் கற்றுக்கொண்டார்.

அன்று முப்பத்தோராவது குழாய். மண்ணுக்குள் பத்து மீட்டர் இறங்கும்வரை கவ்வி விடக் கூடாது என்பது விதி. ஆனால் கவ்வி பிடித்திருக்கும்வரை, அரை மீட்டருக்கு ஒரு முறை சுத்தியலை நிறுத்தி, சாய்வை அளந்துதான் மேற்கொண்டு அடிக்க முடியும். திறந்துவிட்டால் மடமடவென்று அடித்துத் தள்ளலாம். காற்று ஏறிக்கொண்டிருந்தது. வேலைகளுக்கெல்லாம் மேலாளரான கோர்நே அறைக்குள் வந்து, தோளில் கைபோட்டு, "திறந்துரு, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்போது ஏழு மீட்டர்தான் ஆகியிருந்தது. ரெய்ண்டர் திறந்தார். குழாய் அரை டிகிரி சாய்ந்துபோயிற்று. அதைப் பிடுங்கி எடுக்க ஒன்பது நாளும் வேறொரு கப்பலும் தேவைப்பட்டன.

"இயக்குபவரின் அவசரம்" என்றது அறிக்கை. கோர்நே பார்த்துக்கொண்டது இவ்வளவுதான்: "பேரே இல்லையேப்பா இதுல! வெறும் இயக்குபவர்னுதான் போட்டிருக்கு. யாரா வேணாலும் இருக்கலாம்." பகல் வேலையில் கவ்வியை இயக்குபவர் எங்கள் கப்பலில் ஒரே ஒருவர். கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கை, போடாவிட்டால் வீடு. போட்டார். இன்னொரு குழாய் சாய்ந்தால் எந்தக் கப்பலிலும் இந்த வேலை கிடையாது என்று அதே தாளின் அடியில் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. பிப்ரவரியில் துறைமுகத்தில் வருடாந்திரப் பயிற்சி. இருபத்தாறு வயது ஆசிரியர் திரையில் அந்தச் சாய்ந்த குழாயின் படத்தைப் போட்டு, பாட்டுப் பாடுகிற குரலில் கேட்டார்: "இந்த இயக்குபவர் என்ன தப்புப் பண்ணினார்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்!" உண்மை தெரிந்த நாங்கள் நாலு பேரும் எங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரெய்ண்டர் கையைத் தூக்கினார்.

"பத்து மீட்டருக்கு முன்னாடியே விட்டுட்டான். மடையன்."

"சபாஷ்! உங்க பேரு?"

"ரெய்ண்டர்."

"எல்லாரும் ரெய்ண்டர் மாதிரி யோசிக்கணும்!"

அந்தப் பயிற்சியின் சான்றிதழைக் கப்பலில் தன் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். "தினம் ஒரு தடவை உக்காந்து படிக்கிறேன். நல்லா இறங்குது."

நேற்று மதியம் தென்மேற்குக் காற்று மறுபடி ஏறியது. கவ்விக்குள் குழாய், அதன்மேல் சுத்தியல். யெட்ஸ்கே ரேடியோவில் பெயரும் மணியும் சொல்லிவிட்டு, "ஏழு மீட்டர். சாய்வு பூஜ்யம் புள்ளி ஒண்ணு" என்றாள். கோர்நே ரேடியோவில் எதுவும் பேசவில்லை. இரும்புப் படிகளில் ஏறி வந்தார், இரண்டு கைகளிலும் காபியோடு. காபி கொண்டுவருகிற ஆள் இல்லை அவர்.

"ரெய்ண்டர், ராசா, அடியில நல்ல களிமண்ணு. கெட்டியா பிடிச்சிருச்சு. திறந்துரு."

"ரேடியோல சொல்லு."

"பக்கத்துலயே நிக்கிறேன், ரேடியோ எதுக்கு?"

"போன தடவையும் பக்கத்துலதான் நின்னே."

கோர்நே காபியைக் கீழே வைத்தார். குரலில் இருந்த வெண்ணெய் உருகிவிட்டது. "இதைச் சீக்கிரம் முடிச்சா, காத்து வர்றதுக்குள்ள இன்னொண்ணையும் நட்டுரலாம். இல்லேன்னா மூணு நாள் சும்மா கிடக்கணும். யாரால மூணு நாள் போச்சுன்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? உன் பேருல ஏற்கெனவே ஒரு தாள் இருக்கு."

சுத்தியல் நின்றிருந்தது. கண்ணாடிக்கு வெளியே, உருளைகளுக்கு நடுவே குழாய் நேராக நின்றது. ரெய்ண்டர் அதைப் பார்த்தார். கவ்வியைப் பிடித்தது பிடித்தபடி பூட்டினார். காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"திறக்கிற பொத்தான் வலது பக்கம். மஞ்சள் மூடியைத் தூக்கிட்டு அமுக்கணும்."

கோர்நே அவரைவிட ஒரு தலை குள்ளம். ரெய்ண்டர் குனிந்து, நாற்காலியின் அடியில் இருந்த பிடியை இழுத்து, இருக்கையை உள்ளங்கையால் அமுக்கி கோர்நேயின் உயரத்துக்கு இறக்கினார். பிறகு அதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.