மாமரத்துக்குள் இருந்த ஆணி

மாமாவுக்குப் பெண் நிச்சயமான வீட்டுக்கு நாங்கள் முதன்முதலாகக் கொண்டுபோனது ஒரு கூடைப் பழம். மாம்பழம், மாதுளம்பழம், கொய்யா, தோடை எல்லாம் அதில் இருந்தன. ஒன்றையும் கடிக்க ஏலாது. அத்தனையும் மரத்தில் கடைந்தவை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட. கப்பல் ஊதினால் குசினியில் சட்டி மூடிகள் அதிரும். பின்வளவில் தகரம் அடித்த ஒரு கொட்டிலில் மாமா மரம் கடையும் லேத் வைத்திருந்தார். கதிரைக் கால், கட்டில் கால், மாடிப்படிக்குக் குட்டித்தூண் என்று யாராவது கேட்டதைக் கடைந்து கொடுப்பார். கேட்பார் இல்லாத நாட்களில் பழம் கடைவார். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள்.

லேத் உருண்டையைத்தான் தரும். கொய்யாவும் தோடையும் அதற்கு இலேசு. மாம்பழத்துக்கு ஒரு பக்கம் மூக்கு வேண்டும். அதை இயந்திரத்தில் இருந்து இறக்கிய பிறகு அரத்தால் தேய்த்துத்தான் கொண்டுவர வேண்டும். மாதுளைக்குச் சின்ன உளியால் கிரீடம் செதுக்குவார். கொய்யாவின் அடியில், காய்ந்த பூ மாதிரி, ஒரு கராம்பைச் செருகிவிடுவார். கடைசியாக, பழம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தேன்மெழுகைப் பிடித்துத் துணியால் அழுத்துவார். பார்த்தால் இப்போதுதான் மரத்தில் இருந்து பறித்தது போல இருக்கும். வருகிற ஆட்களுக்கு முன்னால் அதைத் தட்டில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பது மாமாவின் பொழுதுபோக்கு. எங்கள் கிராமசேவகர் ஒருமுறை பல்லை உடைத்துக்கொள்ளப் பார்த்தார்.

பெண் வீடு மூதூர்ப் பக்கம். இடம்பெயர்ந்து பல இடங்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். பழைய வீடு இருந்த அதே காணியில் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டை நேரம் ஒரு மகன் செத்துப்போனான் என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வீடுகளைப்பற்றியும் அப்படி ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அத்திவாரக் கோட்டுக்குள் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. அதை வேரோடு கிளப்பியபோது, பெண்ணின் தகப்பன் அடிக்குற்றியை மாமாவுக்கு அனுப்பிவைத்தார்.

"நீங்கள் பழம் கடையிற ஆள்தானே தம்பி, கொண்டுபோங்கோ. இந்த மரம் இனி இஞ்ச வேண்டாம்" என்று சொன்னாராம்.

மாமாவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அவர்களுடைய மரத்திலேயே பழம் செய்து, அவர்களுடைய வீட்டுக்கே கொண்டுபோகப் போவதாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். குற்றி கொட்டிலுக்குள் நின்று காய்ந்தது. மாரி முடிந்து வெயில் ஏறியதும் மாமா அதை மேலிருந்து கீழாகத் துண்டு போடத் தொடங்கினார்.

முதல் துண்டில் மாம்பழம் கடைந்த அன்று நான் கொட்டிலுக்குள் இருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. சீவல்கள் சுருள் சுருளாக வந்து விழ, நான் அவற்றைக் காதில் தோடு மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கிறீச் என்று ஒரு சத்தம் என் பல்லுக்குள் புகுந்தது. அடுத்த கணம் மாமாவின் கையில் இருந்த உளி முறிந்து பறந்தது. பாதி கடைந்த பழம் லேத்தை விட்டுக் கழன்று என் தலைக்கு மேலால் போய்த் தகரத்தில் மோதியது. மாமா பாய்ந்து சுவிச்சை அமத்தினார். அவருடைய பெருவிரலில் இருந்து இரத்தம் வழிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று சாயந்தரம் வரை நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லையாம்.

பழத்தை எடுத்துப் பார்த்தபோது, மரத்துக்குள் பயற்றங்கொட்டை அளவில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. மாமா நகத்தால் சுரண்டினார். இரும்பு.

"ஆரோ உடுப்புக்கொடி கட்ட ஆணி அடிச்சிருக்கினம்" என்றார்.

அம்மா அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அதை எறி தம்பி" என்றார்.

மாமா எறியவில்லை. பயம் தெளிந்ததும் அவருக்குள் இருந்த பகிடிக்காரன் எழும்பிவிட்டான். பழத்தை மிச்சமும் கடைந்து, மூக்கு வைத்து, இரும்பின் தலையைப் பழத்தோடு மட்டமாக அராவினார். மாம்பழத்தைத் துளைத்துக்கொண்டு வண்டு வெளியே வருவது போல அச்சொட்டாக இருந்தது. "பழம் எண்டால் ஒரு வண்டாவது இருக்கவேணும் அக்கா" என்று சொல்லி, அதைக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

பாலங்கள் வந்து மூதூருக்கு பஸ் ஓடத் தொடங்கியிருந்தாலும், பஸ்ஸில் எனக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்பதால் அம்மாவும் மாமாவும் நானும் கடலால் லோஞ்சில் போனோம். கூடை என் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் தனக்கும் ஒரு பழம் தரமாட்டாயா என்று கேட்டார். மாமா பெருமையோடு கடலைப் பார்த்தார்.

அங்கே தற்காலிகக் கொட்டிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பெண்ணின் தாய் மெலிந்த ஆள். மெல்லத்தான் கதைப்பார். கூடையைக் கையில் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என்ர மரமோ? என்ர மரமோ இது?" என்று ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தார். மரப்பழத்தில் என்ன மணம் இருக்கும் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணால் அடக்கினார்.

பிறகு அவர் வண்டு இருந்த பழத்தை எடுத்தார். தட்டிவிடப் பார்த்தார். போகவில்லை. மாமா சிரித்தார்.

"இது என்ன தம்பி?"

"ஆணி மாமி. உங்கட மரத்துக்குள்ள இருந்தது. என்ர உளியையும் முறிச்சுப்போட்டுது."

தாய் அதை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "அந்த மரத்தில நாங்கள் ஒருநாளும் ஆணி அடிக்கேல்லை."

மாமாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது.  தாயின் மடியில் இருந்த கூடை மெல்லச் சரிந்தது. பழங்கள் சீமெந்து நிலத்தில் விழுந்து கடகடவென்று உருண்டன. நிச்சயமான பெண் கொட்டில் வாசலில் நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தகப்பன்தான் கடைசியில் வாய் திறந்தார். "பெடியன் அந்த மரத்தில சாய்ஞ்சுகொண்டுதான் நிண்டவன் தம்பி. செல்குண்டு விழேக்க."

"கடவுளாணை எனக்குத் தெரியாது" என்றார் மாமா. எழும்பினார், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் மறுபடியும் இருந்தார். பொய்ப்பழம் வைத்து ஆட்களைப் பேய்க்காட்டியே பழகிய அவர் அப்படி வெளிறிப்போனதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எனக்கு அவர்களுடைய கதையில் ஒன்றுதான் விளங்கியது: ஒரு பையன் மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றான். அதற்கு ஏன் இவ்வளவும்?

தாய் அழவில்லை. பழத்தைக் கையில் வைத்தபடி மாமாவைக் கேட்டார்: "என்ன உயரத்தில இருந்தது?"

மாமா நிலத்தில் கிடந்த பழங்களைப் பொறுக்கக் குனிந்தார்.

"சொல்லுங்கோ தம்பி. மரத்தில என்ன உயரத்தில?"

எனக்குத் தெரியும். குற்றி கொட்டிலுக்குள் வேர்ப்பக்கம் கீழே இருக்க நின்ற நாட்களில், நான் தினமும் அதோடு முதுகை ஒட்டி நின்று யார் உயரம் என்று பார்த்திருக்கிறேன். வகுப்பில் கையை உயர்த்துவது போல உயர்த்தினேன். "மேலால அறுத்த முதல் துண்டு, அன்ரி. எனக்கு இவ்வளவுக்கு வரும்" என்று என் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் தாய் எழும்பி என்னிடம் வந்துவிட்டார்.

வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அந்தப் பெண் இப்போது எனக்கு மாமி. கல்யாணம் பேசினபடியே நடந்தது. மாமா அதன்பிறகு மாம்பழம் கடையவே இல்லை. என் தம்பிக்கு அப்போது பத்து வயது, அன்று வந்த உன் உயரம்தான் இருப்பான் என்று மாமி பல வருடங்கள் கழித்து ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். செல் விழுந்த அன்று அவர்களுடைய அம்மா தோப்பூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது பிள்ளையைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள், அவிழ்க்க விடவில்லை. உடனே போய்விட்டான் என்றார் ஒருவர். நெடுநேரம் அம்மா, அம்மா என்று கூப்பிட்டான் என்றார் இன்னொருவர். எது உண்மை என்று தாய் கண்டவர்களிடமெல்லாம் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார் என்று வீட்டில் நினைத்தார்கள். மரத்தில் இருந்த அந்த இரும்பு அவனைத் தொட்டதா, தொடாமலே போனதா என்று சொல்ல ஒருவராலும் ஏலாது. ஒரு செல் வெடித்தால் எத்தனையோ துண்டுகள். மாமாவுக்கும் அது தெரியும்; அவர் சொல்லவில்லை.

ஆனால் அன்று நான் பத்து வயதுப் பிள்ளை. தாய் எனக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். என் விரலை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தன்னுடைய பெருவிரலை வைத்தார். விரல் குளிர்ந்திருந்தது. மெல்ல அழுத்தினார். அவர் என்னைப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இதில எண்டால் நோகாது. என்ன பிள்ளை? நோகேல்லைத்தானே?"

"இல்லை அன்ரி. நோகேல்லை" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. பிறகு தலையைத் திருப்பி, "இஞ்சேருங்கோ, நோகேல்லையாம்" என்று கணவரிடம் சொன்னார். அவ்வளவு நேரமும் அழாமல் இருந்த அந்த மனிதர் சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அம்மாவும் அழுதார். மாமாவும் அழுதார். என்னுடைய நெற்றிக்காகப் பெரியவர்கள் எல்லோரும் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே நோகவில்லை என்று அவர்களுக்குக் காட்டுவதற்காக, நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.