ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் தண்ணீர் கசிந்த நாள்

அந்தக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது வாடைதான். நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரின் வாடை. பலாங்கொடை கடைவீதியில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்ட அந்த ஒரு பெட்டிதான் இருந்தது. முதலாளியின் மச்சான் டுபாயிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. மெல்லிய குழாய்களில் தண்ணீர் சுற்றி உள்ளே சூட்டைத் தணிக்கும். வந்த புதிதில் கண்ணாடிபோல இருந்த குழாய்கள் வருஷம் போகப்போக மஞ்சளித்து விறைத்துப்போயின. தண்ணீர் குறையும்போதெல்லாம் முதலாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். அது தப்பென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. திறந்து பார்த்தால் சூட்டை உறிஞ்சும் செம்புக் கட்டியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. தண்ணீரை ஆற்றும் அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, ஓரிடத்தில் ஊசித்துளை விழுந்திருந்தது. அதன் வழியே சொட்டிய தண்ணீர் அடியிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை நனைத்திருந்தது.

தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் இருந்த அம்மா ஒருவருடைய மகளின் கல்யாணம் அதில்தான் இருந்தது. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கேமரா கேசட்டில் வழக்கம்போல அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பிடித்தாயிற்று. வேறு பிரதி இல்லை.

துடைத்துவிட்டு ஒருதரம் போட்டுப் பார்க்கலாம் என்று முதலாளி சுவிட்சுக்குக் கை நீட்டினார். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெரணியகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கணவர் சொன்னதை அவர் மறுத்து நான் பார்த்ததில்லை. அன்று வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

“இப்ப கரண்டு குடுத்து அது எரிஞ்சிருச்சுன்னா, அந்தம்மா மொகத்த யாருங்க பாக்குறது?”

முதலாளி கையை எடுத்துக்கொண்டார். டிஸ்க்கைக் கழற்றித் துவாயில் சுற்றி, அக்காவும் நானும் இரத்தினபுரி பஸ் ஏறினோம். வழியெல்லாம் மழை. அக்கா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்காரர் சிங்களவர். யாருடைய வீடியோ, ஏன் அவசரம் என்று அக்கா சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும், கையிலிருந்த வேலையைத் தள்ளி வைத்தார். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் ஒன்று மற்றதை அரித்துவிடும், கிணற்றுத் தண்ணீர் அதை இன்னும் கெடுத்திருக்கிறது என்றார். டிஸ்க்கின் அடிப்பலகையை ஸ்பிரிட்டால் துடைத்து, மேசை விளக்கின் சூட்டில் காயவைத்தார். சாயங்காலம் வரை உட்காரச் சொல்லியும் அக்கா உட்காரவில்லை.

கடைசியில் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். மணவறை வந்தது. பந்தி வந்தது. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைகளுக்கு நடுவே நடந்து வந்தார். அக்கா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் நீட்டினார். இதையும் மெஷின் பக்கத்தில் வைக்கலாமா என்று அக்கா கேட்க, மூவரும் சிரித்தோம். அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.

இன்று எனக்கென்று ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. எதையும் இரண்டு இடத்தில் சேமிக்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை. அந்த நாளை நினைத்தால் இப்போது பயம் வருவதில்லை, நெஞ்சு லேசாகிறது.

இரத்தினபுரி போய் வந்த மறுநாள் அந்தத் தோட்டத்து அம்மா வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. இரத்தினபுரிக் கடையிலேயே பதிந்து வாங்கி வந்த கல்யாண வீடியோ சீடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

“இதுல அவரு பேசுறாருங்களா?”

“பேசுறாருங்கம்மா,” என்றார் அக்கா. “எல்லாரையும் சாப்பிட்டுப் போகச் சொல்றாரு.”